லயத்து வீடும் நாட்கூலியும்: தோட்டத் தமிழர் கையில் செல்வம் தங்காத வரலாறு



மூன்று தலைமுறைகளாகப் பால்மரம் சீவிய ஒரு குடும்பம், தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் எதை எடுத்துச் சென்றது? பெரும்பாலும் ஒரு லாரியில் அடங்கிய பொருள்களைத்தான். கட்டில், அலமாரி, பாத்திரங்கள், தையல் இயந்திரம், சாமிப் படங்கள். குடியிருந்த வீடு நிறுவனத்துடையது. வீட்டின் பின்புறம் பாட்டன் நட்டு வளர்த்த பலாமரமும் நிறுவனத்துடையதே. மாடுகளை முன்கூட்டியே விற்றிருப்பார்கள். அறுபது எழுபது ஆண்டு உழைப்பிற்குப் பின் ஒரு குடும்பத்தின் சொத்து இவ்வளவுதானா என்று நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

இக்கேள்விக்கு நம்மிடையே சில ஆயத்தமான விடைகள் உண்டு. "குடித்தே அழித்தார்கள்", "கல்யாணத்திற்கும் திருவிழாவிற்கும் கொட்டிக் கொடுத்தார்கள்", "சேமிக்கத் தெரியாதவர்கள்" என்பன அவை. நம்மவர் மேடைகளில் இவற்றைக் கேட்காத ஆண்டில்லை. இவை முழுப் பொய் என்று நான் கூற வரவில்லை. ஆயினும், தோட்டக் குடும்பத்தின் வரவு செலவை ஒரு நாளும் எழுதிப் பார்க்காதவர்கள் கூறும் விடைகள் இவை என்பதே என் எண்ணம். கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, வீடு யாருடையதாக இருந்தது, குடும்பத்தில் யார் யார் உழைத்தார்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கும். அதனை இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

தொடக்கத்தில் வந்தவர்கள் குடும்பமாக வரவில்லை. சஞ்சிக்கூலிகளாக ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தனி ஆண்கள். கப்பல் செலவே அவர்களது முதல் கடன். மலாயாவிற்கு இவ்வாறு ஆள் கொண்டு வருவது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தான். தன் ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் தத்தம் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப அதில் பணம் செலுத்த வேண்டும். வருவோரின் பயணச் செலவை அந்நிதி ஏற்கும். இதனால் கடனின்றி வர முடிந்தது என்பது உண்மை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஆள் குறைந்தால் கூலியை உயர்த்தி ஆள் பிடிக்க வேண்டிய தேவை முதலாளிக்கு இல்லாமற் போயிற்று. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து புதியவர்களைக் கப்பலேற்றினால் போதும். ஆள்பற்றாக்குறை வரும்போது கூலி உயர்வது சந்தையின் இயல்பு. நம்மவர் கூலியைப் பொறுத்தவரை அவ்வியல்பு வேலை செய்யாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

பிறகு குடும்பங்கள் வரத் தொடங்கின. பெண்கள் வருவதைத் தோட்ட நிருவாகங்களும் விரும்பின. தனி ஆள் ஓடிவிடுவான், குடும்பத்தான் தங்குவான். மேலும், பெண் வெறுமனே வீட்டைப் பார்த்துக்கொள்ள வரவில்லை. அவளும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து நிரைக்குச் செல்ல வேண்டியவளே.

1920-களில் இந்தியத் தொழிலாளர்க்கு 'நிலையான கூலி' என ஒன்று வகுக்கப்பட்டது. ஒரு தொழிலாளி உயிர் வாழ அரிசிக்கும் பருப்புக்கும் துணிக்கும் எவ்வளவு வேண்டும் எனப் பட்டியலிட்டு அதிலிருந்து கூலியைக் கண்டார்கள். மரம் எவ்வளவு பால் தந்தது, இலண்டன் சந்தையில் அது என்ன விலைக்குப் போயிற்று என்பவை அப்பட்டியலில் இல்லை. 1930-ஆம் ஆண்டில் அக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என இருந்தது.

நாமே ஒரு கணக்கைப் போடுவோம். மாதத்தில் 26 நாள் வேலை என வைத்துக்கொண்டால் ஆணுக்கு 13 வெள்ளி. மனைவிக்கு 10 வெள்ளி 40 காசு. இருவரும் சேர்ந்தால் 23 வெள்ளி 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தது; ரப்பர் விலை விழுந்தது. கூலி முதலில் 40-க்கும் 32-க்கும் இறங்கி, 1932-இல் ஆணுக்கு 28 காசு, பெண்ணுக்கு 24 காசு என்றாயிற்று. அதே 26 நாளுக்கு இருவர் வருமானமும் சேர்ந்து இப்போது 13 வெள்ளி 52 காசு. அதாவது, இரண்டாண்டுகளுக்கு முன் கணவன் ஒருவன் தனியே பெற்றதைப் பெற இப்போது கணவனும் மனைவியும் உழைக்க வேண்டும். மனைவி பிள்ளைப்பேற்றில் கிடந்தால் வீட்டு வருமானம் 7 வெள்ளி 28 காசு மட்டுமே. அந்த மாதம் மளிகைக் கடையில் கடன் ஏறும்.

ரப்பர் விலை ஏறிய காலத்தில் ஏறாத கூலி, விலை இறங்கியபோது மட்டும் உடனே இறங்கியதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அம்மந்த ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையில்லாத காலத்தில் தொழிலாளியைத் தாங்கும் பொறுப்பு தமிழ்நாட்டுக் கிராமத்தின் தலையில் விழுந்தது. விலை தேறியதும் அதே கிராமம் மீண்டும் ஆள் அனுப்பியது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1937-இல் கூலி மீண்டும் 50-க்கும் 40-க்கும் வந்தது. மறு ஆண்டே குறைக்க முற்பட்டார்கள். 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவிற்கு வருவதைத் தடை செய்தது.

இனி வீட்டிற்கு வருவோம். 'லயம்' என்றால் இன்றைய மாணவர்களுக்கு இசைதான் நினைவுக்கு வருகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளே நம் பாட்டன்மாரின் லயம். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை, முன்னே சிறு திண்ணை, பின்னே சமையற்கட்டு. பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் இங்கே கேட்கும். வாடகை இல்லை என்பதே அதன் பெருஞ்சிறப்பாகக் கூறப்பட்டது. தோட்ட மருந்தகமும் ஆயாக் கொட்டகையும் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு இச்சட்டத்தில்தான் உள்ளது. தொடக்க காலத்தில் கிராணியோ கங்காணியோ கூட அங்கு ஆசிரியராக அமர்ந்ததுண்டு.

இவையனைத்தும் வசதிகள்தாமே என்று கேட்கலாம். வசதிகள்தாம். ஆனால் அவ்வசதி ஒவ்வொன்றும் கூலிக்குள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது. வீடு இலவசம் என்பதால் கூலியில் வீட்டுக்கான பங்கு இல்லை. பெண்ணுக்கும் வேலை உண்டு என்பதால் ஆணின் கூலி குடும்பத்தைத் தாங்க வேண்டியதில்லை. ஆயாக் கொட்டகை உண்டு என்பதால் தாய் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

அக்காலச் சீனத் தொழிலாளரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரரின் கீழ்க் கூட்டாகத் தங்கி, செய்த வேலைக்கேற்பக் கூலி பேசினார்கள். கூலி போதாவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்திற்கோ ஈயச் சுரங்கத்திற்கோ போய்விடுவார்கள். ஆகவே அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. நம்மவர் போவதென்றால் மனைவி, கைக்குழந்தை, பள்ளியில் படிக்கும் பிள்ளை, கிழவி, கோவில், மாடு அனைத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குடும்பத்தோடு வாழ்ந்தவன் அதனாலேயே பேரம் பேசும் வலிமையை இழந்தான். தமிழன் சோம்பேறி, சீனன் சுறுசுறுப்பானவன் என்று இதனை இனக்குணமாக விளக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காலை நாலரை மணிப் பெரட்டை ஒரு நாள் பார்த்திருந்தால் அவ்வாறு சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீடும் வேலையும் ஒன்றாகப் பிணைந்ததில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. வேலை போனால் வீடு போகும். துரையை எதிர்த்துப் பேசியவனுக்கு மட்டுமன்று, அவன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கூரை போகும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, பெண்களிடம் முறைகேடாக நடக்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்திற்கு முடிவு ஆகியன அவர்களது கோரிக்கைகளுள் சில. கூலியையும் மானத்தையும் அவர்கள் வேறு வேறாகப் பார்க்கவில்லை. இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைமையேற்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பலர் திரும்பவேயில்லை. உழைக்கும் ஆணை இழந்த குடும்பங்கள் 1945-க்குப் பிறகு எங்கிருந்து தொடங்கின என்பதைச் செல்வத்தைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடக் கூடாது.

கள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கள்ளுக்கடை தொழிலாளி தேடிச் சென்ற இடமன்று. அது தோட்டத்திற்குள்ளேயே, உரிமம் பெற்று, லயத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தது. கொடுத்த கூலியின் ஒரு பகுதி மாலையே அங்குத் திரும்பிவிடும். இதனை உணர்ந்தவர்கள் தொழிலாளரிடையே இல்லாமலில்லை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் அது காவல் துறையினருடன் மோதலாயிற்று. தங்கள் பணம் எங்கே போகிறது என்பதை அறியாதவர்களா கள்ளுக்கடை வாசலில் அடி வாங்கினார்கள்?

சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற பழியும் ஆராயத் தக்கதே. என் பாட்டி தம் வாழ்நாளில் வங்கிக்குள் காலடி வைத்ததில்லை. ஆயினும் அவரிடம் ஒரு சேமிப்பு முறை இருந்தது. அதிகாலையில் மரம் சீவி, பத்து மணிக்கு மேல் காண்டா வாளியில் பால் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு, பிற்பகலில் மாட்டுக்குப் புல்லறுப்பார். மாட்டுப்பால் கிராணிமார் வீடுகளுக்குப் போகும். அந்தக் காசு வீட்டுச் செலவில் சேராது. அது கூட்டுப் பணத்திற்கு. கூட்டு எடுத்தால் நகை. முதலில் தோடு, பிறகு மூக்குத்தி, பிறகு பெண்பிள்ளைக்கு ஒரு சங்கிலி. மழைக்காலம் வந்தால் சங்கிலி பட்டணத்து அடகுக் கடைக்குப் போகும். மழை விட்டதும் மீளும். சில ஆண்டுகளில் மீளாமலும் போனதுண்டு. அவரைப் போன்ற பெண்களின் கைகளில் ஓடிய இந்தக் கணக்கு எந்தச் செக்ரோல் புத்தகத்திலும் ஏறவில்லை.

மழைக்கும் நகைக்கும் என்ன தொடர்பு என இளையோர் கேட்கலாம். மரம் நனைந்திருந்தால் பால் மங்கில் சேராது, பட்டை வழியே ஓடிவிடும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. இலையுதிர் காலத்திலோ பால் தானாகவே குறையும். கிடைக்கும் பாலின் அளவும் ரப்பரின் விலையும் கூலியைத் தீர்மானித்ததால் வானமும் சந்தையும் தந்த இழப்பைத் தொழிலாளியின் குடும்பம் ஏற்றது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை எத்தனையோ ஆண்டுகள் ஒலித்ததன் காரணம் இதுதான். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாதவனுக்கு எந்த வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும்?

அவர்கள் சேர்த்த செல்வத்தின் தன்மையைப் பாருங்கள். நகை, மாடு, ஆடு, கோழி, கூட்டுப் பணம், ஊருக்கு அனுப்பிய பணம். அனைத்தும் அசையும் பொருள்கள். நிலத்தில் ஊன்றிய பொருள் ஒன்றுமில்லை. நகை அடகில் கரையும். மாடு நோயில் சாகும். வீடும் நிலமும் மட்டுமே, உரிமையாளன் உறங்கும்போதும் விலை ஏறும் பொருள்கள். மலாயாவில் இருபதாம் நூற்றாண்டில் செல்வம் வளர்ந்த வழி பெரிதும் நிலத்தின் வழியே. அந்த வழி நம் மக்களுக்கு அடைபட்டிருந்தது.

அடைபட்டிருந்ததை ஒருவர் நன்கு உணர்ந்தார். 1950-களில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். பேராசிரியர் உங்கு அசிஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதியவர். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு வாங்கினார்கள். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார். அப்பத்து வெள்ளி அன்றைய குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. சங்கம் தோட்டங்களை வாங்கியது; பல குடும்பங்கள் தெருவில் நிற்காமல் தப்பின. சேமிக்கத் தெரியாதவர்கள் என்போர் இந்தப் பங்குப் பணம் யாருடைய மடியிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், நிலம் கூட்டாக அவர்களுடையதாயிற்றே தவிர, குடும்பத்திற்கு ஒரு வீட்டு மனை என்ற அளவில் பெயர் மாறவில்லை.

இதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 1956-இல், அரசு பெல்டாவைத் தோற்றுவித்திருந்தது. குடியேறியவர்களுக்கு ஏறத்தாழப் பத்து ஏக்கர் ரப்பர் அல்லது செம்பனை நிலமும் வீட்டு மனையும் ஒதுக்கப்பட்டன. கடனைச் செலுத்தி முடித்தால் நிலம் அவர்கள் பெயருக்கு வரும். குடியேறியோரில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்கார ஏழை விவசாயிகள். இந்தியர் மிகச் சிலரே. அவ்வேழைகளின் முன்னேற்றத்தைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே மரம், அதே உளி, அதே மங்கு, அதே மழை. ஒருவர் கையில் நிலப் பட்டா. மற்றவர் கையில் நாட்கூலி. ஒரு தலைமுறை கழிந்ததும் இரண்டு குடும்பங்களின் நிலையும் வேறு வேறாயிருப்பதற்கு உழைப்பின் அளவைக் காரணம் காட்ட முடியாது.

ஜொகூர் பாலத்திற்கு அப்பாலும் ஓர் ஒப்பீடு உண்டு. சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நகராட்சிக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர்களுக்கும் வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. ஆனால் அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1964-இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்க வழி பிறந்தது. பிரிட்டிஷார் 1971-இல் தளத்தை விட்டு அகன்றபோது, வேலையும் குடியிருப்பும் போனவர்களுக்குச் சொந்த வீடு வாங்கும் கதவு ஒன்று திறந்திருந்தது. அது 99 ஆண்டுக் குத்தகைதான். ஆயினும் வீடு சேமிப்பாயிற்று. நம் நாட்டிலும் 1951 முதல் ஊழியர் சேமநிதி இருந்தது. சிறு கூலியின் ஒரு விழுக்காடு சிறு தொகையாகத்தானே இருக்கும்?

1969-ஐ ஒட்டி வந்த வேலை அனுமதிச் சிக்கலைச் சுருக்கமாகவே கூறுகிறேன். குடியுரிமை பெறாதவர்கள் அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது என 1968-இல் சட்டம் வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், படிவத்தை நிரப்பத் தெரியாமல் இருந்தவர்களில் பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். குடும்பங்கள் இரண்டாயின. இங்கே பாதிச் சேமிப்பு, அங்கே பாதிச் சேமிப்பு.

அடுத்து வந்ததுதான் பெரிய வெளியேற்றம். 1980-களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கும், பிறகு வீடமைப்புப் பகுதிகளுக்கும் குழிப்பந்துத் திடல்களுக்கும் விமான நிலையத்திற்கும் மாறின. முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் உருவாக்கியதால் 'பிராங் புசார்', அதாவது பெரும் போர், எனப் பெயர் பெற்ற தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்றைய புத்ராஜெயா நிற்கிறது. அங்கும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாறின. நாட்டின் நிருவாகத் தலைநகரத்து மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு அம்மண்ணின் விலையேற்றத்தில் பங்கில்லை.

வெளியேறியோர்க்குச் சட்டம் என்ன கொடுத்தது? பணிநீக்க இழப்பீடு பற்றிய 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 20 நாள் கூலி. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் கூலி. நாளொன்றுக்குப் பத்து வெள்ளி பெற்றவர் என வைத்துக்கொள்வோம். 5,000 வெள்ளி. அக்காலத்தில் மலிவு விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி. கணவனும் மனைவியும் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துப் பெற்றதை ஒன்றாகச் சேர்த்தாலும் மலிவு விலை வீட்டில் பாதிக்கும் குறைவு. ஐம்பது வயதில் மீதிப் பணத்தை எந்த வேலையில் தேடுவது?

கூலியில் கண்ணுக்குத் தெரியாமல் கழிக்கப்பட்டவை அனைத்தும் அப்போதுதான் வெளிப்பட்டன. வாடகை, தண்ணீர்க் கட்டணம், பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதப் பணம். மாடு இல்லை, கீரைப் பாத்தி இல்லை, விறகு இல்லை. மரம் சீவத் தெரிந்த பெண்ணுக்குப் பட்டணத்தில் வேலை துப்புரவுப் பணியும் தொழிற்சாலை இரவு முறையுமே. தோட்டத்தில் மூன்று பேர் உழைத்து நடந்த குடும்பம் பட்டணத்தில் ஒருவர் சம்பளத்தில் நின்றது. பலர் ஆற்றங்கரைப் புறம்போக்கு வீடுகளுக்குப் போனார்கள். பட்டணத்து வன்முறைக் கும்பல்களைப் பற்றி எழுதுவோர் அப்பிள்ளைகளின் வீடு எத்தனை அறை கொண்டது என்பதையும் எழுதினால் நன்று.

ஓர் ஆசிரியனாக எனக்குத் தெரிந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தோட்டப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்தபின் இடைநிலைப்பள்ளிக்குப் போக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. பிறருக்கு இல்லாத ஓர் ஆண்டு. அந்த ஓராண்டுக்குப் பேருந்துக் கட்டணமும் சீருடையும் செலவு. அதே ஆண்டில் அப்பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கியோ தாய்க்கு உதவியோ வீட்டிற்குத் தந்த வருமானம் இழப்பு. குடும்பம் கணக்குப் பார்த்தது. பள்ளியை விட்டு நின்றவர்களில் பலரைக் கெட்டிக்காரர்கள் என்றே அவர்களுடைய ஆசிரியர்கள் இன்றும் கூறுவர்.

எல்லாரும் வீழ்ந்துவிடவில்லை. என் மாணவர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். 1980-களிலேயே சேமநிதிப் பணத்தோடு மனைவியின் நகையையும் விற்று, தோட்டத்திற்கு வெளியே ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அன்று அவர்களை அண்டை வீட்டார் நகைத்தார்கள்: "இலவச வீடு இருக்கையில் எதற்குக் கடன்?" கடைசி நாள்வரை நிறுவனத்திற்கு உண்மையாக உழைத்து லயத்திலேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு குடும்பங்களும் ஒரே கூலி பெற்றவை, ஒரே கோவிலில் தீமிதித்தவை. தோட்டத் தொழிலாளருக்கு வீட்டுடைமைத் திட்டம் வேண்டும் என்ற பேச்சு 1970-களிலிருந்தே உண்டு. அது நடந்தேறிய தோட்டங்கள் மிகச் சில.

சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் நம் நாட்டில் 2013 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது; தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. அதற்காகக் குரல் கொடுத்த தோட்டத் தமிழரில் மிகப் பலர் அதற்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டனர். இன்று செம்பனைத் தோட்டத்து வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களது வேலை அனுமதியில் மனைவி மக்களை அழைத்துவர இடமில்லை. ஆயாக் கொட்டகை தேவைப்படவில்லை, பள்ளியும் தேவைப்படவில்லை. பிள்ளைகளை வளர்க்கும் செலவு லொம்போக்கிலோ வங்காளக் கிராமத்திலோ நடக்கிறது. தங்குமிடம் இன்றும் முதலாளியுடையதே. வேலை முடிந்தால் அதுவும் முடியும்.